எண்ணெயும் நீராவியும்: எரிவாயு எடுக்க எந்தக் கருவி?

எண்ணெயையும் நீராவியையும் சேர்த்து எரிவாயு எடுக்கும் கருவி பற்றிப் பேச்சு வந்தால், ஒரு லிட்டருக்கு எத்தனை கன மீட்டர் வாயு கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். விற்பவரும் அந்த எண்ணைத்தான் முன்னால் வைப்பார். ஆனால் இந்தத் தொழிலின் இருநூறு ஆண்டுக் கதையைப் புரட்டினால், ஒரு முறை நிலைத்ததற்கும் இன்னொன்று கைவிடப்பட்டதற்கும் அந்த எண் காரணமாக இருந்தது குறைவு. எண்ணெயிலுள்ள கார்பனில் வாயுவாக மாறாமல் மிஞ்சுவது எங்கே போய்ச் சேருகிறது, அதை யார் அள்ளுவது, எங்கே கொட்டுவது என்பவைதாம் கருவிகளின் ஆயுளைத் தீர்மானித்திருக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரை கருவிகளைக் கரிக்கணக்கை வைத்தே எடைபோடுகிறது. வாயுக்கணக்கு அதற்குப் பிறகுதான்.

அடிப்படை எளியது. மீத்தேனில் ஒரு கார்பன் அணுவுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன. லேசான பெட்ரோலிய எண்ணெயான நாஃப்தாவில் இரண்டுக்குச் சற்று மேல், டீசலில் இரண்டுக்குச் சற்றுக் கீழ், ஃபர்னஸ் ஆயிலில் ஏறக்குறைய ஒன்றரை, நிலக்கரியில் ஒன்றுக்கும் குறைவு. எண்ணெய் கனக்கக் கனக்க ஹைட்ரஜன் குறைந்து கார்பன் ஓங்குகிறது. அதை வாயுவாக்க வேண்டுமானால் இந்த மிகுதிக் கார்பனுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். வெறும் சூட்டால் எண்ணெயைச் சிதைத்தால் அது தாராகவும் கரியாகவும் பிரிந்து நிற்கும். நீராவியைச் சேர்த்தால் நீரிலுள்ள ஆக்சிஜன் கார்பனைப் பிடித்துக் கார்பன் மோனாக்சைடு ஆக்கும். ஹைட்ரஜன் வாயுவோடு கலந்துகொள்ளும். தூய ஆக்சிஜனைச் செலுத்தினால் எண்ணெய் அரைகுறையாக எரிந்து, கார்பன் வாயுவாகவே வெளியேறும். எந்தப் பெயரில் வரும் கருவியும் இந்த மூன்றில் ஒன்றையோ இரண்டையோ கலந்துதான் வேலை செய்கிறது.

நீராவி என்றதும் பலருக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது: தண்ணீரே எரிபொருளாகிறதே, அப்படியானால் பாதிச் செலவு மிச்சம்தானே? கணக்கைப் பார்த்துவிடலாம். 12 கிராம் கார்பனை நேராக எரித்தால் 394 கிலோஜூல் வெப்பம் கிடைக்கும். அதையே நீராவியோடு சேர்த்து வாயுவாக்கி எரித்தால், கார்பன் மோனாக்சைடிலிருந்து 283, ஹைட்ரஜனிலிருந்து 242, ஆக 525 கிலோஜூல். கூடுதலாக வந்த 131 கிலோஜூலைப் பார்த்துத்தான் மயக்கம். ஆனால் அந்த வினை நடப்பதற்கே வெளியிலிருந்து கொடுத்தாக வேண்டிய வெப்பமும் சரியாக 131 கிலோஜூல்தான். எண்ணெய்க்கும் இதே விதி. 14 கிராம் எண்ணெயை நீராவியால் முழுக்க வாயுவாக்கச் சுமார் 150 கிலோஜூல் கொடுக்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் செலவும் உலைச் சுவர் வழியே கசிந்துபோகும் வெப்பமும் தனி. நீராவி, கார்பனை வெளியே எடுத்துவரும் வேலைக்காரன். அவனுக்குக் கூலியாக வெப்பம் தர வேண்டும். அந்த வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. பல கருவிகளில் மிஞ்சிய கரியையும் எரித்தே அது எடுக்கப்படுகிறது என்பதால், இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

நீராவியே இல்லாத வழியிலிருந்து தொடங்கலாம். செஞ்சூடான இரும்பு வாலையில் எண்ணெயைச் சொட்டவிட்டு, சிதையும் வாயுவைத் தண்ணீரில் கழுவித் தொட்டியில் சேர்ப்பது மிகப் பழைய முறை. 1820களில் லண்டனில் மீன் எண்ணெய், திமிங்கில எண்ணெய் ஆகியவற்றிலிருந்து இப்படி வாயு எடுத்து, அழுத்திக் கலங்களில் அடைத்து விற்றார்கள். அந்தக் கலங்களின் அடியில் தங்கிய திரவத்தை ஆராய்ந்துதான் மைக்கேல் ஃபாரடே 1825இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். வேதியியலுக்கு அது பெரும் பேறு. வாயு விற்றவர்களுக்கோ அது கலத்தின் அடியில் வாயுவாக இல்லாமல் தங்கிப்போன சரக்கு. பின்னர் ஜெர்மனியின் ஜூலியஸ் பின்ட்ஷ் இதே முறையைப் பெட்ரோலிய எண்ணெய்க்குச் செப்பமாக்கினார். நிலக்கரி வாயுவைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் தரக்கூடியது, அழுத்தி அடைத்தாலும் ஒளி அவ்வளவாகக் குன்றாதது என்பதால், ரயில் பெட்டி விளக்குகளும் கடலில் மிதக்கும் வழிகாட்டி விளக்குகளும் அந்த வாயுவில் எரிந்தன. 1915இல் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஸ்ஹில்லில் ரயில்கள் மோதி, மரப்பெட்டிகளின் அடியிலிருந்த விளக்கு வாயுக் கலங்களால் தீ பெருகி, 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ அவ்வளவு பரவியதில் பொறுப்பு வாயுவைப் பெட்டிக்கடியில் சுமந்து சென்றதற்குத்தான். வாயு எடுத்த முறைக்கல்ல. நம் கல்லூரி வேதியியல் ஆய்வகங்களிலும் பன்சன் அடுப்புக்காக மண்ணெண்ணெயிலிருந்து இப்படித்தான் நெடுங்காலம் வாயு எடுத்தார்கள். சமையல் வாயு உருளை வந்ததும் அந்தக் கருவிகள் மூலைக்குப் போயின. சிறியது, எளியது, மலிவானது என்ற மூன்று நற்பெயரும் இதற்கு உண்டு. ஆனால் வாலையின் உட்சுவரில் கரி படிந்துகொண்டே போகும். பம்ப் ஸ்டவ்வின் துளை அடைத்துக்கொண்டால் பின் வைத்துக் குத்துவோமே, அதே தொல்லைதான். இங்கே குத்துவதற்குப் பதில் உளியால் சுரண்ட வேண்டும். மண்ணெண்ணெயைத் தாண்டிக் கனமான எண்ணெய்க்குப் போனால் சுரண்டும் நேரம் வாயு எடுக்கும் நேரத்தை விழுங்கத் தொடங்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகப் பலூனில் ஏறி வேவு பார்த்த தாடியஸ் லோ, 1870களில் இந்தக் கரியை எதிரியாகப் பார்க்காமல் எரிபொருளாக்கினார். அவர் அமைத்த முறையில் மூன்று கலங்கள். முதலாவதில் கல்கரி (கோக்) படுகை. அதில் காற்றை ஊதிச் செந்தழலாக்குவது ஒரு கட்டம். அப்போது வெளிவரும் சூடான வாயு, செங்கல் அடுக்கிய மற்ற இரு கலங்களையும் காய்ச்சிவிடும். பிறகு காற்றை நிறுத்தி, அதே தழலின் ஊடே நீராவியைச் செலுத்துவது அடுத்த கட்டம். வெளிவருவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய சரிபாதியாக உள்ள நீர்வாயு. கன மீட்டருக்கு 11 மெகாஜூல் அளவே வெப்பமுள்ள அதன்மேல் இரண்டாவது கலத்தில் எண்ணெயைத் தெளித்து, மூன்றாவதில் அந்த ஆவியை நிலைப்படுத்தினால் 20 மெகாஜூல் அளவுக்கு ஏறும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை காற்று, நீராவி, மறுபடி காற்று என்று வால்வுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிலக்கரி வாலைகளைச் சூடேற்ற நாட்கணக்கில் ஆகும். இதைச் சில மணி நேரத்தில் ஓட்டத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். குளிர்கால மாலைகளில் திடீரென ஏறும் தேவைக்கு இதைவிடத் தோதான கருவி அப்போது இல்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்க நகரங்களின் வாயுவில் பெரும்பகுதி இப்படித்தான் வந்தது.

கரிக்கணக்கில் லோவின் முறை தேறுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். தேவையான வெப்பத்தைக் கல்கரி தருகிறது. செங்கலில் படியும் எண்ணெய்க் கரியும் அடுத்த காற்றோட்டத்தில் எரிந்து அந்த வெப்பத்தோடு சேர்கிறது. பாக்கி இருப்பது தார். நிலக்கரித் தாரைப்போல் இது தெளிவாகப் பிரியாது; தண்ணீரோடு குழம்பி நின்று, விற்கவும் முடியாமல் விடவும் முடியாமல் குழிகளில் தேங்கும். அதைவிட முக்கியமான குறை, கல்கரி இல்லாத ஊரில் இந்தக் கருவியால் பயனில்லை.

கலிபோர்னியா அப்படிப்பட்ட ஊர். நிலத்தடியில் எண்ணெய் ஏராளம், நல்ல நிலக்கரி மட்டும் தொலைவிலிருந்து வர வேண்டும். எனவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கல்கரியே இல்லாத கருவி உருவாயிற்று. செங்கல் அடுக்கிய கலத்தை எண்ணெயும் காற்றும் எரித்துச் சூடாக்குவது, பிறகு எண்ணெயையும் நீராவியையும் ஒன்றாகத் தெளித்து வாயு எடுப்பது. எண்ணெய், நீராவி என்ற இரண்டை மட்டும் வைத்து வாயு எடுப்பது என்ற எண்ணத்துக்கு இதுவே மிக நேரான வடிவம். காகிதத்தில் பார்த்தால் அழகு. ஆனால் வினையூக்கி இல்லாத அந்தக் கலத்தில் நீராவி கார்பனைத் தொடும் வேகத்தைவிட எண்ணெய் தானாகச் சிதையும் வேகம் அதிகம். மிஞ்சியதெல்லாம் மாவுபோன்ற புகைக்கரியாகக் கழுவுநீரில் சேர்ந்தது. அதை வடித்து, அழுத்திக் கட்டிகளாக்கி எரிபொருளாக விற்றார்கள். விற்காதது ஆலையைச் சுற்றிக் குவிந்தது. இதன் முடிவை இன்றும் கண்ணால் பார்க்கலாம். சியாட்டில் நகரில் 1906இல் நிலக்கரி வாயுவுக்காகக் கட்டப்பட்ட ஆலை 1937இல் எண்ணெய் வாயுவுக்கு மாறி, 1956இல் மூடப்பட்டது. நிலத்தை வாங்கிய நகராட்சி, ரிச்சர்டு ஹாக் வடிவமைப்பில் கோபுரங்களை அப்படியே விட்டுப் பூங்காவாக்கி 1975இல் திறந்தது. துருப்பிடித்த அந்தக் கோபுரங்கள் அழகான படங்களாகின்றன. தாரும் அதிலுள்ள நச்சு ஹைட்ரோகார்பன்களும் ஊறிய மண்ணைச் சுத்தப்படுத்தும் வேலையோ பூங்கா திறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் தொடர்ந்தது. எண்ணெயிலிருந்து வாயு எடுத்தது இருபது ஆண்டுகூட இல்லை. புகைக்கரி மலிந்து கிடக்கும் முறையை, அதற்கு வாங்குபவர் கையில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் அந்தச் செங்கல் அடுக்குக்குப் பதிலாக வினையூக்கி அடுக்கை வைத்தார்கள். பிரான்சின் ஓனியா-கேகி, இங்கிலாந்தின் செகாஸ் ஆகியவை இந்த வகை. நீராவி கார்பனை வேகமாகப் பிடித்தது, புகைக்கரி குறைந்தது. வினையூக்கியில் படிந்த கரியை அடுத்த சுற்றில் காற்றை ஊதி எரித்து, அந்த வெப்பத்தையே பயன்படுத்திக்கொண்டார்கள். கனமான எண்ணெயையும் இது ஓரளவு தாங்கும். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் வால்வு திறந்து மூடும் சுழற்சி முறை என்பதால் தேய்மானமும் அதிகம், ஆள் தேவையும் அதிகம், உயர் அழுத்தத்திலும் ஓட்ட முடியாது. இன்று புதிதாக யாரும் இதைக் கட்ட மாட்டார்கள்; பழைய நூல்களைப் படித்துவிட்டு இதைப் பரிந்துரைப்பவரிடம், இதை விட்டு அடுத்த முறைக்குப் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால் போதும்.

அடுத்த முறை, தொடர்ச்சியான நீராவிச் சீர்திருத்தம். நாஃப்தாவை ஆவியாக்கி, கார்பன் அணு ஒன்றுக்கு மூன்று மூலக்கூறு அளவில் நீராவி கலந்து, நிக்கல் வினையூக்கி நிரப்பிய குழாய்கள் வழியே செலுத்த வேண்டும். குழாய்களை வெளியிலிருந்து உலை சூடாக்கும். முனையில் வெப்பநிலை 750 முதல் 850 டிகிரி செல்சியஸ். இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் இதை நாஃப்தாவுக்குச் சாத்தியமாக்கியது. அதே காலத்தில் அந்நாட்டு வாயுக் கழகத்தின் ஆய்வாளர் டென்ட்டின் குழு, 500 டிகிரியை ஒட்டிய குறைந்த சூட்டில் மீத்தேன் மிகுந்த வாயு தரும் இன்னொரு முறையை உருவாக்கியது. இந்த இரண்டிலும் திடக்கரியும் இல்லை, தாரும் இல்லை. கார்பன் முழுவதும் மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு என்று வாயு வடிவிலேயே வெளியே வந்துவிடுகிறது. ஆனால் அதற்கான விலையை உள்ளே வரும் எண்ணெயில் கட்ட வேண்டும். கந்தகம் நிக்கலுக்கு நஞ்சு. பத்து லட்சத்தில் அரைப் பங்குக்குக் கீழே அதை இறக்கியாக வேண்டும். அதற்காக முன்னால் ஒரு கந்தக நீக்கப் பிரிவு, அதற்கு ஹைட்ரஜன், துத்தநாக ஆக்சைடு படுகை என்று தனி ஆலையே தேவை. நாஃப்தாவைவிடக் கனமான எண்ணெயை ஊற்றினாலோ, நீராவி ஒரு கணம் குறைந்தாலோ, குழாய்க்குள் கரி படிந்து வினையூக்கி நொறுங்கும். வெளியே குழாயில் செம்பட்டைகளாகச் சூடு தெரியும். சுருக்கமாக, இந்தக் கருவி கரியை அள்ளும் வேலையை ஒழிக்கவில்லை, அதைச் சுத்திகரிப்பு ஆலையின் தலையில் ஏற்றிவிட்டது. அது நியாயமான ஏற்பாடுதான். நாஃப்தா மலிவாகக் கிடைக்கும்வரை.

மலிவு என்பது எத்தனை காலம் நிலைக்கும்? பிரிட்டனில் 1965இல் வடகடலில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டதும், புத்தம்புதிய நாஃப்தா ஆலைகள் பத்தே ஆண்டுகளில் வேலையற்றுப் போயின. 1967 முதல் 1977 வரை நாடெங்கும் வீட்டு அடுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். சிங்கப்பூரின் கல்லாங் வாயு ஆலை 1862இல் நிலக்கரியில் தொடங்கி, 1958இல் எண்ணெய்க்கும் பின்னர் நாஃப்தாவுக்கும் மாறி, 1998இல் மூடப்பட்டது. நகர வாயுவுக்காக நாஃப்தாவை இன்னும் விடாமல் வைத்திருப்பது ஹாங்காங். அங்கே தை போ ஆலையில் எடுக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன். கார்பன் மோனாக்சைடு நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் 2006 முதல் அங்கும் நாஃப்தாவோடு இயற்கை வாயு மூலப்பொருளாகச் சேர்ந்துவிட்டது. நம் பக்கம் இதே கருவி அடுப்புக்காக வரவில்லை, உரத்துக்காக வந்தது. 1971இல் உற்பத்தி தொடங்கிய மணலி சென்னை உர ஆலையும் தூத்துக்குடி ஸ்பிக்கும் அம்மோனியாவுக்கு வேண்டிய ஹைட்ரஜனை நாஃப்தாவையும் நீராவியையும் கொண்டுதான் எடுத்தன. எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை வாயு முனையம் வந்த பிறகு மணலி அந்த ஆண்டே வாயுவுக்கு மாறியது, தூத்துக்குடியும் பின்தொடர்ந்தது. நாஃப்தாவை ஓட்டிய அதே சீர்திருத்த உலை, சில மாற்றங்களோடு மீத்தேனையும் ஓட்டும் என்பது இதில் கவனிக்க வேண்டியது. நாளை மூலப்பொருள் மாறினாலும் போட்ட முதல் முழுதாக வீணாகாத கருவி, இந்தப் பட்டியலில் இது ஒன்றுதான்.

சுத்திகரிப்பு ஆலையின் அடிமண்டியைப் போன்ற மிகக் கனமான எண்ணெய் கையிலிருந்தால் வினையூக்கியை மறந்துவிட வேண்டும். அதற்கு அரைகுறை எரிப்பு முறை. எண்ணெயையும் நீராவியையும் தூய ஆக்சிஜனையும் ஒரே பர்னர் வழியாக, செங்கல் பூசிய வெற்றுக் கலத்துக்குள் உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். உள்ளே 1,200 முதல் 1,500 டிகிரி. அந்தச் சூட்டில் கந்தகமோ வனேடியமோ வினையைத் தடுப்பதில்லை. டெக்சாகோ, ஷெல் ஆகிய இரு நிறுவனங்களும் 1950களில் இதை வணிகத்துக்குக் கொண்டுவந்தன. நங்கல், பானிப்பட், பட்டிண்டா உர ஆலைகள் ஃபர்னஸ் ஆயிலை இப்படித்தான் வாயுவாக்கி ஓடின. நெதர்லாந்தின் பெர்னிஸிலும் இத்தாலியின் சரோக்கிலும் சுத்திகரிப்பு ஆலைகள் தம் அடிமண்டியை இதே முறையில் ஹைட்ரஜனாகவும் மின்சாரமாகவும் மாற்றின. கரிக்கணக்கு இங்கே எப்படி? உள்ளே போகும் கார்பனில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ புகைக்கரியாகத் தப்பும். அதை நீரில் கழுவிப் பிரித்து மறுபடி எண்ணெயோடு கலந்து உலைக்கே அனுப்பும் சுற்று, கருவியின் ஓர் அங்கமாகவே இருக்கிறது. அடிமண்டியைத் தின்னும் திறமையில் இதற்கு நிகர் இல்லை. ஆனால் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உள்ளேயே செலவாகிறது. பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் ஆலை வேண்டும். புகைக்கரி நீரைக் கையாளும் பிரிவு ஓயாமல் பராமரிப்பு கேட்கும். மேற்சொன்ன மூன்று வட இந்திய உர ஆலைகளும் 2013ஐ ஒட்டி இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டன என்பதிலிருந்து, வாயுக் குழாய் வந்துவிட்டால் இதற்கு எதிர்காலம் குறைவு என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். கரியை இவ்வளவு பெரிதுபடுத்துவானேன்? கரியும் எரிபொருள்தானே, எடுத்து எரித்துவிட்டால் தீர்ந்தது; வெப்பத் திறன் எவ்வளவு என்பதைத்தானே பார்க்க வேண்டும்? லோவின் கருவியைப் பொறுத்தவரை இது உண்மை, ஏனென்றால் அங்கே கரி உருவான இடத்திலேயே எரிகிறது. கலத்தைவிட்டு வெளியே வந்த கரி வேறு பொருள். அது ஈரமாக இருக்கும், தாரோடு ஒட்டியிருக்கும், கழுவிய நீரை நச்சாக்கும். அதை உலர்த்தவும் சுமக்கவும் ஆகும் செலவு வெப்பத் திறன் கணக்கில் எங்கும் வராது. சியாட்டில் மண்ணைச் சுத்தப்படுத்திய செலவு எந்த வாயுப் பட்டியலிலும் சேர்ந்ததில்லை. திறனை அளக்கலாம், அளக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே எண்ணெய்க்கு ஒத்துவரும் இரு கருவிகளை ஒப்பிடும்போது மட்டுமே அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. நாஃப்தாச் சீர்திருத்தக் கருவியின் திறனையும் அடிமண்டி உலையின் திறனையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, ஒன்றுக்கு வேண்டிய சரக்கு மற்றதன் வாசலுக்குக்கூட வராது என்பதை மறந்துவிட்டுச் செய்யும் ஒப்பீடு.

இன்னொரு ஆட்சேபம் சிறுதொழில் பக்கத்திலிருந்து வரும். பெரிய ஆலைக் கதையெல்லாம் எங்களுக்கு எதற்கு, எங்களிடம் பழைய எஞ்சின் ஆயில் இருக்கிறது, ஹோட்டலில் வறுத்து எடுத்த எண்ணெய் இருக்கிறது, டயரை உருக்கி எடுத்த எண்ணெய் இருக்கிறது; நீராவி விட்டால் வாயுவாகாதா? ஆகும், கூடவே மேலே சொன்ன அத்தனை தொல்லையும் வரும். டயர் எண்ணெயில் கந்தகமும் வளையக் கார்பன் சேர்மங்களும் மிகுதி. புகைக்கரி உருவாவதற்கு இவற்றைவிட ஏற்ற சரக்கு இல்லை. எஞ்சின் ஆயிலில் துத்தநாகம் முதலான உலோகங்கள் உண்டு. பழைய எஞ்சின் ஆயில் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருவது, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். சமையல் எண்ணெயைப் பொறுத்தவரை, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அதைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் வழியே திறந்திருக்கிறது. ஹைட்ரஜன் செறிந்த நல்ல சரக்கைக் கரியாக்குவதைவிட அது எவ்வளவோ மேல். அத்தனைக்கும் மேலாக, எண்ணெயைக் கொண்டு ஓர் உலையையோ பாய்லரையோ சூடாக்குவதுதான் நோக்கம் என்றால், வாயுவாக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பர்னரில் நீராவியாலோ அழுத்தக் காற்றாலோ எண்ணெயைப் பொடித் துளிகளாகச் சிதறடித்து நேராக எரித்தால், கார்பன் முழுவதும் தீயிலேயே முடிந்துவிடும். வாயுவாக எடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற தேவை மூன்று இடங்களில் மட்டுமே உண்டு: குழாய் வழியே பலருக்குப் பங்கிட வேண்டும்போது, எஞ்சினிலோ டர்பைனிலோ எரிக்க வேண்டிய சரக்கு அழுக்கானதாக இருக்கும்போது, ஹைட்ரஜன் வேண்டும்போது.

பாதுகாப்பை ஒரு பத்தியில் முடித்துவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது. நீராவி முறையில் எடுக்கும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருந்தே தீரும். லோவின் வாயுவில் நூற்றுக்கு முப்பதைத் தொடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்து. நகர வாயுவுக்குப் போகும் ஆலைகளில் இதை மேலும் நீராவியோடு வினைபுரிய வைத்துக் குறைக்கிறார்கள். பட்டறை அளவில் அந்த ஏற்பாடு இருக்காது. கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவியும் எச்சரிக்கை மணியும் விலைப்பட்டியலில் இல்லாத எந்த வாயுக் கருவியையும் வாங்க வேண்டாம்.

இனித் தேர்வு. எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி மூன்று எண்களைக் கேளுங்கள்: கந்தகம், உலோகங்கள், கான்ராட்சன் கரி மிச்சம். எண்ணெயைக் காற்றில்லாமல் காய்ச்சினால் எடையில் எத்தனை பங்கு கரியாக நிற்கும் என்று சொல்லும் இந்தக் கடைசி எண்தான் உண்மையில் உங்கள் கருவியைத் தேர்ந்தெடுக்கிறது. மண்ணெண்ணெயில் அது இல்லை என்றே சொல்லலாம். ஃபர்னஸ் ஆயிலில் ஐந்துக்கு மேல், அடிமண்டியில் இருபதை எட்டும். கரி மிச்சம் இல்லாத, கந்தகம் நீக்கக்கூடிய நாஃப்தா தடையின்றிக் கிடைக்கும், அதை நாளெல்லாம் நிறுத்தாமல் வாங்கிக்கொள்ள ஒரு தொழிற்சாலை அளவுக்குத் தேவையும் இருக்கிறது என்றால், நீராவிச் சீர்திருத்தம். அதிலும் இயற்கை வாயுக் குழாய் வந்தால் மாறிக்கொள்ளும்படி இப்போதே வடிவமைத்துக்கொள்வது. அடிமண்டிதான் சரக்கு, பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலையும் ஆக்சிஜனும் உண்டு என்றால் அரைகுறை எரிப்பு. கல்லூரிக்கு மாணவர்கள் பார்த்துக் கற்க ஒன்று வேண்டுமென்றால், மண்ணெண்ணெய் சொட்டும் சிறு வாலை போதும், வாரம் ஒருமுறை சுரண்ட ஆளிருந்தால். கல்கரி உலையும் கலிபோர்னியக் கலமும் செகாஸும் நூல்களிலேயே இருக்கட்டும். இவை எதிலும் சேராத சிறு பட்டறைக்காரர் பழைய எண்ணெயைப் பதிவுபெற்றவரிடம் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் சமையல் வாயு வாங்கி எரிப்பதே லாபம்.